கால் ஒருவனுடையது, கை இன்னொருவனுடையது: அசைவுகளைக் கலக்கும்போது கேரக்டர் சமநிலை இழக்காமல் இருக்க முழுமையான வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும் அனிமேஷன் கேரக்டர் கையசைக்க வேண்டும். ஓடும் கிளிப் (பதிந்து வைத்த அசைவுத் துண்டு) நம்மிடம் இருக்கிறது. நின்றபடி கையசைக்கும் கிளிப்பும் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே முதலாவது, மேலே இரண்டாவது என்று மாஸ்க் போட்டு ஓடவிடுகிறீர்கள். கால் ஓடுகிறது, கை அசைகிறது, எந்த எலும்பும் முறுக்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஓடும் கால்கள் மேல் யாரோ ஒரு பொம்மையைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் "ஏதோ சரியில்லை" என்கிறார்கள், எது என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் அசைவின் வரைகோடான கர்வை இன்னும் வழவழப்பாக்குவார்கள், ஓர் அசைவு மற்றதோடு கலக்கும் பிளெண்ட் நேரத்தைக் கூட்டுவார்கள். நானும் பல மாதம் அதைத்தான் செய்தேன். பலன் இல்லை, ஏனென்றால் குறை வழவழப்பில் இல்லை, எடையில் இருக்கிறது. நடிகரின் அசைவை அப்படியே பதிவு செய்யும் மோகேப்பில் எடுத்த கிளிப்போ, நல்ல அனிமேட்டர் கையால் செய்த கிளிப்போ, தன்னளவில் அது ஏற்கெனவே சமநிலையில்தான் இருக்கும். அந்தக் கால்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு ஜோடிக் கைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளை வெட்டிவிட்டு வேறு ஜோடியை ஒட்டிவிட்டோம். கால்களோ பழைய கைகளுக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே சமநிலையைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. மாற்றியதால் எவ்வளவு கெட்டதோ, அதை அளந்து அந்த அளவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

தொடங்கும் முன்: உடம்பின் எடைக் கணக்கு

எந்த உறுப்பு எவ்வளவு கனம் என்று தெரியாமல் சமநிலையைப் பேச முடியாது. உயிர் இயந்திரவியல் நூல்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் விகிதங்கள் இவை. மொத்த எடையில் தலையும் கழுத்தும் 8.1 சதவீதம், உடற்பகுதி 49.7. ஒவ்வொரு பக்கமும் மேற்கை 2.8, முன்கை 1.6, உள்ளங்கை 0.6. தொடை 10, கணுக்காலுக்கு மேலுள்ள கீழ்க்கால் 4.65, பாதம் 1.45. கூட்டிப் பாருங்கள், சரியாக 100 வரும். அதாவது இடுப்புக்கு மேலே இருப்பது 67.8 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு எடையை இன்னொரு கிளிப்பிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, கீழே எதுவும் மாறக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம்.

சின்ன உதாரணம் ஒன்று. ஒரு கையின் எடை 5 சதவீதம். கை நீளம் 70 செ.மீ. என்றால், அதன் நிறை மையம் (எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) தோளிலிருந்து சுமார் 37 செ.மீ. தள்ளி இருக்கும். தொங்கும் கையைப் பக்கவாட்டில் நேராகத் தூக்கினால் உடம்பின் நிறை மையம் அந்தப் பக்கம் 1.9 செ.மீ. அளவு நகர்கிறது. இரண்டு காலையும் அகட்டி நிற்பவனுக்கு இது ஒன்றுமே இல்லை. ஒற்றைக் காலில் நிற்பவனுக்குப் பாதத்தின் அகலமே 10 செ.மீ.தான், மையத்திலிருந்து விளிம்புவரை 5. அதில் 1.9 பெரிய தொகை. நின்ற நிலையில் சோதித்தபோது நன்றாக இருந்த பிளெண்ட், நடக்கவிட்டதும் கெட்டுப்போவதற்குக் காரணம் இதுதான்.

படி 1: கிளிப்புகளைச் சுத்தம் செய்யுங்கள்

இரண்டு கிளிப்பும் ஒரே ரிக் (கேரக்டரின் எலும்புக்கூட்டு அமைப்பு), ஒரே ஓய்வு நிலை, ஒரே அளவுகோல், ஒரே தரை உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தரை ஒன்றில் சுழியத்திலும் மற்றதில் 1.5 செ.மீ. கீழேயும் இருந்தால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பொய்.

அடுத்து, ஒவ்வொரு கிளிப்பிலும் ஒவ்வொரு பாதமும் தரையில் பதிந்திருக்கும் ஃபிரேம்களைக் குறித்துவையுங்கள். குதிகால் பதிவது, நுனிக்கால் பிரிவது, இரண்டையும். பாதத்தின் உயரமும் வேகமும் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் பதிந்திருக்கிறது என்று ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆனால் முடிவைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். மோகேப் நடுக்கம் ஒரு ஃபிரேமைத் தப்பாகக் குறித்தால், பின்னால் பாதத்தைப் பூட்டும்போது அங்கே கால் வெட்டி இழுக்கும்.

படி 2: இடுப்பு யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

என் விதி எளியது: எந்தக் கிளிப்பின் கால்களோ, இடுப்பும் அதனுடையதே. கால் ஓட்டத்திலிருந்து, இடுப்பு கையசைப்பிலிருந்து என்று எடுத்தால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான். பாதம் தரையைத் தேடி அலையும்.

மாஸ்க்கை முதுகெலும்பின் முதல் எலும்பிலிருந்து தொடங்குங்கள், இடுப்பெலும்பிலிருந்து அல்ல. யூனிட்டி என்ற கேம் எஞ்சினின் அவதார் மாஸ்க்கில் உடற்பகுதியைத் தேர்ந்தாலும், முழு உடம்பையும் நகர்த்தும் ரூட் கால் கிளிப்பிடமே இருக்கட்டும். அன்ரியல் எஞ்சினில் லேயர்டு பிளெண்ட் பெர் போன் நோடுக்கு முதல் முதுகெலும்பின் பெயரைக் கொடுங்கள். பிளெண்டர் மென்பொருளில் நடுக்கோட்டு எலும்புகளைத் தனித் தொகுப்பாக வைத்துக்கொண்டால் பின்னால் எளிது.

விதிவிலக்கு உண்டு. பந்தெறிதல், வாள்வீச்சு, குத்து, இவற்றின் சக்தி இடுப்பிலிருந்துதான் கிளம்புகிறது. இடுப்புத் திருகலை விட்டுவிட்டு கையை மட்டும் எடுத்தால் ஈ ஓட்டுவது போல இருக்கும். அப்போது இடுப்பின் இடப்பெயர்ச்சியைக் கால் கிளிப்பிலிருந்தே எடுத்து, நிலைக்குத்து அச்சைச் சுற்றிய திருகலில் மட்டும் ஒரு பங்கை எறியும் கிளிப்பிலிருந்து சேருங்கள். நான் 30, 40 சதவீதத்தில் தொடங்குவேன். அதற்கு மேல் போனால் கால் தடுமாறத் தொடங்குகிறது.

படி 3: நேரத்தைப் பொருத்துங்கள்

நடக்கும்போது வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே வரும். கால்கள் உடம்பை ஒரு பக்கம் திருப்பப் பார்க்க, கைகளும் தோளும் எதிர்ப்பக்கம் திருப்பி அதை ஈடுகட்டுகின்றன. மேலுடல் கிளிப்பை எந்த நொடியில் வேண்டுமானாலும் தொடங்கினால் இந்த ஒப்பந்தம் முறிந்துவிடும். வலது காலும் வலது கையும் ஒன்றாக முன்னே போகும் கேரக்டரைப் பார்த்திருப்பீர்கள். ராணுவ அணிவகுப்பில் தடுமாறும் புதியவன் மாதிரி.

வலது கையால் எறிபவன் இடது காலை முன்னே ஊன்றுவான். ஆகவே பந்து கையை விட்டுப் பிரியும் ஃபிரேமைக் குறித்துக்கொண்டு, அது ஓட்டத்தின் இடது பாதம் ஊன்றிய சற்றுப் பின்னால் வரும்படி பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குங்கள். வீடியோ கேமில் விளையாடுபவர் பொத்தானை அழுத்தியதும் உடனே நடக்க வேண்டுமென்றால் காத்திருக்க முடியாது. அப்போது கிளிப் வேகத்தை 0.85 முதல் 1.2 மடங்குவரை நீட்டியோ சுருக்கியோ பொருத்துங்கள். அதற்கு மேல் நீட்டினால் எடையே மாறித் தெரியும். அரைச் சுற்று தள்ளிப்போயிருந்தால் நீட்டிச் சரிசெய்ய முயலாமல், கண்ணாடிபோல் திருப்பிய கிளிப் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. இடது கைப் பழக்கம் கதைக்கு ஒத்துவந்தால் மட்டும்.

மேலுடலை இன்னொரு நடையோடு ஒட்டும் வேலையை 2006ல் ஹெக், கோவார், கிளெய்ச்சர் மூவரும் ஆய்வாக வெளியிட்டார்கள். அவர்களும் முதலில் செய்தது நேரப் பொருத்தம்தான். நின்றபடி எடுத்த கிளிப்பைவிட, நடந்துகொண்டே எடுத்த கிளிப்பின் மேலுடலை ஒட்டும்போது பலன் பல மடங்கு மேல். அதில் நடையின் தாளம் ஏற்கெனவே ஊறியிருக்கும். படப்பிடிப்புக்கு முன்பே உங்களிடம் கேட்டால், "கையசைப்பதை நடந்துகொண்டே ஒருமுறை செய்யுங்கள்" என்று நடிகரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு நாள் வேலை மிச்சம்.

படி 4: மார்பின் திசை, முதுகின் பங்கீடு

இந்தப் படியில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

எலும்பின் சுழற்சி அதன் தாய் எலும்பைச் சார்ந்தது. ஓட்டத்தில் இடுப்பு இடமும் வலமும் திருகும். அதன்மேல் கையசைப்பின் முதுகை அப்படியே வைத்தால், மார்பும் கையும் இடுப்போடு சேர்ந்து இடவலம் ஆடும். இதைத் தவிர்க்க, மார்பின் சுழற்சியைத் தாய் எலும்பைச் சாராமல், உடல் முழுவதுக்கும் பொதுவான அச்சுகளில், அதாவது ‘உடல் வெளி’யில் கலக்கலாம். அன்ரியலில் மெஷ் ஸ்பேஸ் ரொட்டேஷன் பிளெண்ட் என்ற தெரிவு அதற்குத்தான். அந்த இடவல ஆட்டம் நின்றுவிடும். ஆனால் வேறொன்று முளைக்கும்: ஓடுபவனின் முன்சாய்வும் சேர்ந்து போய்விடும்.

அந்தச் சாய்வு 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். மேலுடலின் நிறை மையம் இடுப்புக்கு மேல் 30 செ.மீ. அளவில் இருந்தால், நிமிர்த்தியதும் அது 5 செ.மீ. பின்னே போகும். முழு உடம்பின் நிறை மையம் 3.5 செ.மீ. பின்வாங்கும். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுக்க, கால் மட்டும் ஓடுவது போன்ற தோற்றம் இங்கிருந்துதான் வருகிறது.

தீர்வு, மார்பின் சுழற்சியை மூன்றாகப் பிரிப்பது. திருகலையும் பக்கச் சாய்வையும் ‘உடல் வெளி’யில் மேலுடல் கிளிப்பிலிருந்து எடுங்கள். முன்பின் சாய்வைக் கால் கிளிப்பிலிருந்து எடுங்கள். பிறகு அந்த வித்தியாசத்தை முதுகெலும்புகளுக்குப் படிப்படியாகப் பங்கிடுங்கள். மூன்று எலும்பு இருந்தால் 0.3, 0.6, 0.9 என்று. ஒரே எலும்பில் 0லிருந்து 1க்குத் தாவினால் இடுப்புக்கு மேலே ஒரு மடிப்புக் கோடு தெரியும்.

சேர்ப்பு முறை அனிமேஷன் இதற்கு மாற்று. கையசைப்பிலிருந்து ஓர் ஆதார நிலையைக் கழித்து, மீதி வித்தியாசத்தை ஓட்டத்தின்மேல் கூட்டுவது. சாய்வு தானாகத் தங்கும். ஆதார நிலை அந்தக் கிளிப்பின் சொந்த நிற்கும் நிலையாக இருக்க வேண்டும், கைகளை விரித்த டி போஸாக அல்ல. இன்னொன்று, ஓட்டத்தின் கைவீச்சு அடியில் உயிரோடு இருக்கும், அதன்மேல் அசைவு கூடும். மூச்சு வாங்குவது, தோள் குலுக்குவது போன்ற சின்ன அசைவுகளுக்கு இது பொருந்தும். பெரிய வீச்சுக்கு வேண்டாம்.

படி 5: கலக்கும்போது கணக்கு செய்யும் குறும்பு

சுழற்சியைக் குவாட்டர்னியனில் (சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் முறை) கலக்கிறீர்கள் என்றால், ஒரே சுழற்சிக்கு நேர், எதிர் என்று இரண்டு குறிகள் உண்டு. இரண்டின் புள்ளிப் பெருக்கல் சுழியத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றின் குறியை மாற்றுங்கள். இல்லையென்றால் முழங்கை நீண்ட வழியில் சுற்றிக்கொண்டு வரும். எஞ்சின்கள் தாமே பார்த்துக்கொள்ளும். சொந்தமாக எழுதுபவர்களுக்காகச் சொல்கிறேன்.

நிற்கும் நிலையையும் குனிந்த நிலையையும் பாதிக்குப் பாதி கலந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தொடை 45, கீழ்க்கால் 45 செ.மீ. நிற்கும்போது இடுப்பு 90 செ.மீ. உயரத்தில், முழங்கால் நேர். குனியும்போது இடுப்பு 70ல், முழங்கால் 78 பாகை மடங்கியிருக்கும். இரண்டிலும் பாதம் தரையில் துல்லியமாக இருக்கிறது. பாதிக் கலவையில் இடுப்பின் உயரம் 80. முழங்கால் மடிப்பு 39 பாகை. அந்த மடிப்பில் காலின் நீளம் 84.9 செ.மீ. ஆக, பாதம் தரைக்குள் கிட்டத்தட்ட 5 செ.மீ. புதைந்துவிட்டது. இரண்டு சரிகளைக் கலந்து ஒரு தப்பு. கோணத்தைச் சராசரி எடுத்தால் இடமும் சராசரியாகும் என்று நம்பக்கூடாது. இதைப் படி 7ல் சரிசெய்வோம். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கட்டும்.

நடையையும் ஓட்டத்தையும் கலப்பது தனித் தலைவலி. நடையில் ஒரு காலின் மேல் உடம்பு நேராக வரும் நொடியில் நிறை மையம் ஆக உயரத்தில் இருக்கும். ஓட்டத்தில் அதே நொடியில் ஆகத் தாழ்வில் இருக்கும். நடை கவிழ்த்த ஊசல், ஓட்டம் சுருள்வில். பாதம் பதியும் நேரத்தை மட்டும் பொருத்தி 50க்கு 50 கலந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் தின்றுவிடும். கேரக்டர் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு போவது போலிருக்கும். அந்த நடுப்பகுதியில் நீண்ட நேரம் தங்கவிடாதீர்கள். மெதுவோட்டம் ஒன்றைத் தனிக் கிளிப்பாக நடுவில் வையுங்கள், அல்லது ஒரே அடிக்குள் தாண்டிவிடுங்கள்.

ஒரு கிளிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு மட்டும் என்றால், இரண்டையும் ஒருசேர ஓட்டிக் கலக்காமல், உடனே புதியதற்குத் தாவி, தாவியபோது இருந்த வித்தியாசத்தையும் வேகத்தையும் மெல்லக் கரையவிடும் முறை இருக்கிறது. 2018 கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் விளக்கப்பட்டபின் பரவலான இன்னர்ஷியலைசேஷன் அது. கால்கள் ஒரே கிளிப்பின் சொல் கேட்பதால் சமநிலை குலைவது குறைவு. வெட்டி ஒட்டிய மேலுடலுக்கு அது மட்டும் போதாது.

படி 6: நிறை மையத்தை அளந்து, வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வோர் உறுப்பின் நிறை மையத்தையும் கண்டுபிடியுங்கள். உடம்புப் பக்க மூட்டிலிருந்து தொலைவு மூட்டை நோக்கித் தொடை, கீழ்க்கால் இரண்டுக்கும் 43.3 சதவீதம், மேற்கைக்கு 43.6, முன்கைக்கு 43, உடற்பகுதிக்கும் பாதத்துக்கும் பாதி. ஒவ்வொன்றின் இடத்தையும் அதன் எடை விகிதத்தால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் முழு உடம்பின் நிறை மையம். இருபது வரி ஸ்கிரிப்ட். யூனிட்டியில் மனித ரிக் என்றால் அனிமேட்டரின் பாடி பொசிஷன் இதையே தரும். காஸ்கேடியூர் என்ற அனிமேஷன் மென்பொருள் திரையிலேயே காட்டிவிடும்.

இதை ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு முறை செய்யுங்கள். ஒருமுறை கால் கிளிப்புக்கு அதன் சொந்த மேலுடலோடு, ஒருமுறை கலந்த நிலைக்கு. இடுப்பு இரண்டிலும் ஒரே இடத்தில். கழித்தால் கிடைப்பது, மேலுடலை மாற்றியதால் வந்த பிழை. அதன் கிடைமட்டப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, எதிர்த் திசையில் இடுப்பை நகர்த்துங்கள்.

எவ்வளவு நகர்த்துவது? பாதம் இடத்திலேயே இருக்க இடுப்பு 1 செ.மீ. நகர்ந்தால் மேலுடல் முழுதாக 1 செ.மீ. நகரும். முழங்கால் ஏறத்தாழ பாதி நகரும். அதனால் தொடையின் மையம் 0.78, கீழ்க்காலின் மையம் 0.28. எடையோடு பெருக்கிக் கூட்டினால் மொத்த நிறை மையம் 0.86 செ.மீ. நகர்கிறது. ஆகவே பிழையை 0.86ஆல் வகுங்கள். கை தூக்கிய உதாரணத்தின் 1.9 செ.மீ.க்கு இடுப்பு எதிர்ப்பக்கம் 2.2 செ.மீ. போக வேண்டும். கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு, ஆனால் இல்லாவிட்டால் உறுத்தும்.

நிறை மையம் பாதங்களின் தாங்கு பரப்புக்குள் இருக்க வேண்டும் என்று பாடநூலில் படித்திருப்போம். அதை அப்படியே நடைக்குப் பூட்டாதீர்கள். நடப்பவனின் நிறை மையம் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் பாதத்துக்கு மேல் வருவதே இல்லை. உள்விளிம்பை ஒட்டிக் கடந்து போகிறது. நடை என்பது விழுந்துகொண்டே அடுத்த காலால் பிடித்துக்கொள்வது. நிறை மையத்தை ஒவ்வொரு அடியிலும் பாதத்துக்கு மேலே இழுத்தால் வாத்து நடை வரும். நான் முதன்முதலில் எழுதிய கருவி இதைத்தான் செய்தது. அப்போது உடனிருந்தவர்கள் அந்தக் கேரக்டருக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அதனால்தான் மூலக் கிளிப்போடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் சரிசெய்யச் சொல்கிறேன். மூல நடிகர் எவ்வளவு விழ நினைத்தாரோ, அவ்வளவு விழட்டும்.

இன்னும் சில. இடுப்பின் திருத்தத்தை லேசாக வடிகட்டுங்கள், இல்லையென்றால் கையின் ஒவ்வொரு நடுக்கமும் இடுப்பில் எதிரொலிக்கும். முழுப் பிழையையும் திருத்தாமல் 70, 80 சதவீதம் திருத்தினால் இயல்பாக இருக்கிறது என்பது என் அனுபவம். ஒரு மேல்வரம்பும் வையுங்கள். 8 செ.மீ.க்கு மேல் இடுப்பு போக வேண்டும் என்று கணக்கு சொன்னால், அந்த இரண்டு கிளிப்புகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை.

உங்கள் வேலை முன்கூட்டியே செய்யும் அனிமேஷன் என்றால், திருத்தத்தின் கர்வை 30 ஃபிரேம் கணக்கில் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னே நகர்த்திப் பாருங்கள். 1967ல் சோவியத் ஆய்வாளர்கள், நிற்பவரைக் கையைத் தூக்கச் சொன்னபோது தோள் தசைக்கு முன்பே கால் தசைகள் வேலையைத் தொடங்குவதைப் பதிவு செய்தார்கள். கை கிளம்பும் முன்பே உடம்பு தயாராகிவிடுகிறது. அந்த இரண்டு ஃபிரேம் முந்தலில் கேரக்டருக்குச் சொந்த மூளை இருப்பது போலத் தோன்றும்.

படி 7: பாதத்தைப் பூட்டுங்கள்

இடுப்பை நகர்த்தியதும் பாதமும் கூடவே நகர்ந்துவிடும். மூலக் கிளிப்பின் பாத இடத்தை இலக்காக வைத்து ஐ.கே. (பாதம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து காலின் மூட்டுக் கோணங்களைக் கணக்கிடும் முறை) போடுங்கள். பதிந்திருக்கும் ஃபிரேம்களில் முழுதாகப் பூட்டுங்கள். பிரிந்ததும் ஒரு நொடியில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குக்குள் வித்தியாசத்தைக் கரையவிடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் இடுப்பு, பிறகுதான் கால். மாற்றிச் செய்தால் பூட்டிய பாதத்தை இடுப்பு மறுபடி இழுக்கும்.

முழங்கால் திடீரென்று சொடுக்குவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே 45, 45 காலில், 90 செ.மீ. முழு நீட்டத்திலிருந்து தூரம் 1 செ.மீ. குறைந்தால் முழங்கால் 17 பாகை மடங்குகிறது. 70லிருந்து 69க்குக் குறைந்தால் 2 பாகைதான். முழு நீட்டத்தை நெருங்கினால் சின்ன நடுக்கம் பெரிய சொடுக்காகிறது. ஆகவே காலை முழு நீளத்தில் 98 சதவீதத்துக்கு மேல் நீளவிடாதீர்கள். எட்டவில்லை என்றால் காலை இழுக்காமல் இடுப்பைச் சில மில்லிமீட்டர் தாழ்த்துங்கள்.

இதன்பின் நிறை மையத்தை இன்னொருமுறை அளந்து, மீதி இருந்தால் படி 6, 7 இரண்டையும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மூன்றாம் சுற்று தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

படி 8: தனிக் கவனம் கேட்கும் மூன்று இடங்கள்

நிற்பது. வேகமாகப் போகிறவன் நிற்க வேண்டுமென்றால் நிறை மையம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதாது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதும் வேண்டும். 2005ல் ஹாஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். நிறை மையத்தின் வேகத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கால் நீளத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்த எண்ணால் வகுங்கள். நிறை மையத்துக்கு முன்னே அவ்வளவு தூரத்தில் பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி இருந்தால்தான் அந்த அடியில் நிற்க முடியும். 1 மீட்டர் நீளத்துக்கு அந்த எண் 3.13. நொடிக்கு 1.3 மீட்டர் நடப்பவனுக்கு 41.5 செ.மீ. உங்கள் நிற்கும் கிளிப்பின் பாதம் 15 செ.மீ. முன்னே பதிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதியது போல நிற்பான். பிளெண்டை நீட்டுவதால் இது தீராது. நடுவில் ஒரு மெதுவான அடியைச் சேருங்கள்.

பறப்பது. இரு பாதமும் தரையை விட்டபின் நிறை மையம் பரவளையத்தில்தான் போகும், கையால் அதை மாற்ற முடியாது. தொங்கும் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் நிறை மையம் உடம்புக்குள் 7 செ.மீ. அளவு மேலே ஏறுகிறது. அப்படியானால் உடம்பு அதே அளவு கீழே இறங்க வேண்டும். இங்கே மட்டும் நிலைக்குத்துப் பகுதியையும் திருத்துங்கள். பிடித்துவைக்கப் பாதம் எதுவும் இல்லாததால் 0.86 வேண்டாம், முழுப் பிழையையும் திருத்துங்கள். கோண உந்தமும் அப்படியே. காற்றில் மார்பு வலப்புறம் திரும்பினால் கால்கள் இடப்புறம் கொஞ்சம் திரும்பியாக வேண்டும்.

சுமை. 70 கிலோ ஆள் 10 கிலோ பெட்டியை உடம்புக்கு 40 செ.மீ. முன்னே பிடித்தால், கூட்டு நிறை மையம் 5 செ.மீ. முன்னே வருகிறது. அனிமேஷன் மென்பொருளுக்குப் பெட்டி வெறும் ஜியாமெட்ரி, எடை தெரியாது. உங்கள் ஸ்கிரிப்டில் அதை இன்னோர் உறுப்பாகச் சேருங்கள். திருத்தத்தை முழுவதும் இடுப்பில் போடாமல் மூன்றில் இரண்டு பங்கு இடுப்பைப் பின்தள்ளியும், மீதியை முதுகைப் பின்சாய்த்தும் கொடுத்தால் உண்மையாக இருக்கிறது. கைவீச்சு இல்லாமல் போவதால் இடுப்பின் திருகலையும் அடியின் நீளத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

படி 9: பார்க்கும் முறை

முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தனித்தனியே பாருங்கள். முக்கால் கோணத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நிறை மையத்திலிருந்து தரைக்கு ஒரு கோடு வரைந்து, மூலக் கிளிப்பின் கோட்டை வேறு நிறத்தில் அருகே வையுங்கள். இரண்டும் ஒன்றாக அலைய வேண்டும். பிறகு கேரக்டரைக் கறுப்பு நிழலுருவாக மாற்றி, இயல்பு வேகத்தில் ஒரே ஒருமுறை பாருங்கள். மெதுவாகப் பார்த்தால் எடைப் பிழை கண்ணுக்கு அகப்படாது.

சுமை தூக்கும் காட்சிக்கு நான் விடாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பெட்டியை மட்டும் மறைத்துவிட்டு, அந்தப் பக்கமாகப் போகும் யாரையாவது கூப்பிட்டு, இவன் என்ன செய்கிறான் என்று கேட்பேன். "எதையோ தூக்கிட்டுப் போறான்" என்றால் ஏற்றுமதி செய்துவிடுவேன். "கையை நீட்டிக்கிட்டு நடக்கிறான்" என்றால் மறுபடி படி 6.